புது டைனமோ போட்டும் சார்ஜ் ஏறவில்லையா?

“அண்ணே, டைனமோவும் புதுசு, பேட்டரியும் புதுசு. ஆனா மீட்டர்ல பதிமூணைத் தாண்ட மாட்டேங்குது.”

திண்டுக்கல் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை நடத்துகிற என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். டைனமோ என்று அவர்கள் சொல்வது ஆல்டர்னேட்டரைத்தான். பட்டறையில் அந்தப் பழைய பேர் இன்னும் போகவில்லை. பெரும்பாலும் சொந்த வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள். ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் கொடுத்திருப்பார்கள். “இதையும் கழட்டிட்டு வேற போட்டுப் பாத்துடலாமாண்ணே?” என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி.

கழற்ற வேண்டாம், முதலில் அளப்போம் என்பதுதான் நான் எப்போதும் சொல்வது. புது ஆல்டர்னேட்டர் போட்ட பிறகும் பேட்டரியில் வோல்ட்டேஜ் குறைவாக இருந்தால், அதற்கு ஆல்டர்னேட்டர் காரணமாக இருக்கலாம். ஆனால் அது பல காரணங்களில் ஒன்றுதான். எர்த், மெயின் வயர், சின்ன வயர்கள், பெல்ட், புல்லி, பேட்டரியின் நிலை, வண்டியின் கம்ப்யூட்டர் என்று எதுவும் அந்த எண்ணைக் கீழே இழுக்கும். குறைவு எந்த இடத்தில் விழுகிறது என்று மீட்டரை வைத்துக் கண்டுபிடித்துவிட்டால், காரணம் தானாக வெளியே வந்துவிடும். அதற்கு நான் பின்பற்றுகிற வரிசையை இங்கே சொல்கிறேன். பட்டறைத் தம்பிகளுக்கும் உதவும், வண்டிக்காரர்களுக்கும் உதவும்.

முதலில் அது உண்மையிலேயே குறைவுதானா?

12 வோல்ட் பேட்டரி நன்றாக நிறைந்து, வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு அளந்தால் 12.6 முதல் 12.7 வரை காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் அநேகமாகக் காலி. இன்ஜின் ஓடும்போது சாதாரண வண்டியில் 13.8 முதல் 14.5 வரை நல்ல அளவு. லாரி, பஸ்ஸில் உள்ள 24 வோல்ட் அமைப்பில் 27.5 முதல் 28.5 வரை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. சூடு ஏற ஏற வோல்ட்டேஜைக் கொஞ்சம் இறக்கும்படிதான், ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அமைக்கப்பட்டிருக்கிறது. சூடான பேட்டரிக்கு அதிக வோல்ட்டேஜ் கொடுத்தால் அது கொதித்துத் தண்ணீர் வற்றிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 14.4 காட்டிய வண்டி, சித்திரை வெயிலில் கொடைக்கானல் மலை ஏறி நின்றதும் 13.7 காட்டலாம். அது குறையே இல்லை. அதே நேரம் 13.2, 13.0 என்று நின்றால் தேட வேண்டியதுதான்.

மீட்டரையும் ஒரு கண் பாருங்கள். மலிவான மல்டிமீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் அது உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். 15.5 காட்டுகிறது என்று பயந்துபோய் ஒருவர் ரெகுலேட்டரை மாற்றுவார். குறை மீட்டரில் இருக்கும். நன்றாகத் தெரிந்த ஒரு பேட்டரியை அளந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. மீட்டர் முள்ளைப் பேட்டரியின் ஈயக் கம்பத்தில் வைத்து அளக்க வேண்டும், மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் வைக்கக் கூடாது. கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியே கால் வோல்ட், அரை வோல்ட்டைத் தின்னக்கூடியது.

காலி பேட்டரியை வைத்து ஆல்டர்னேட்டரை எடைபோடாதீர்கள்

பழைய ஆல்டர்னேட்டர் கெட்டுப்போன வண்டி, பேட்டரியில் இருந்ததையெல்லாம் உறிஞ்சிவிட்டுத்தான் பட்டறைக்கு வரும். அந்தக் காலி பேட்டரியோடு புது ஆல்டர்னேட்டரை மாட்டி ஸ்டார்ட் செய்தால் வோல்ட்டேஜ் உடனே 14-க்கு ஏறாது. காய்ந்து வெடித்த வயலுக்கு முதல் தண்ணீர் விடும்போது வரப்புக்குள் மட்டம் ஏறாமல் மண்ணே குடித்துக்கொண்டிருக்கும் அல்லவா, அதுபோலத்தான். ஆல்டர்னேட்டர் தன்னால் முடிந்த ஆம்பியர் முழுவதையும் தள்ளிக்கொண்டிருக்கும். வோல்ட்டேஜ் மட்டும் 13-ஐச் சுற்றியே நிற்கும்.

அதனால்தான் வோல்ட்டேஜை ஆம்பியரோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் கடையில் கிடைக்கும். அது இந்த வேலைக்கு உதவாது. ஆல்டர்னேட்டரிலிருந்து வெளியே வரும் தடித்த வயரில் கிளாம்ப்பை மாட்டுங்கள். வோல்ட்டேஜ் குறைவு, ஆம்பியர் அதிகம் என்றால் ஆல்டர்னேட்டர் உழைக்கிறது. பேட்டரியோ லோடோ அதிகமாகக் கேட்கிறது. வோல்ட்டேஜும் குறைவு, ஆம்பியரும் குறைவு என்றால்தான் கொடுக்க முடியாமல் ஏதோ தடுக்கிறது.

பேட்டரியைத் தனி சார்ஜரில் போட்டு நிறைத்துவிட்டு அல்லது நல்ல பேட்டரி ஒன்றை மாற்றி வைத்துவிட்டுச் சோதனை செய்யுங்கள். காலி பேட்டரியைப் புது ஆல்டர்னேட்டரே நிறைக்கட்டும் என்று நெடுந்தூரம் ஓட விடுவதும் நல்லதல்ல. முழு ஆம்பியரில் நீண்ட நேரம் ஓடினால் டயோடும் ஸ்டேட்டர் சுற்றும் கடுமையாகச் சூடாகும். நிறைத்து வைத்த பேட்டரி கொஞ்ச நேரத்தில் 10.5-க்கு வந்து நின்றால், ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது. அந்தப் பேட்டரியை வைத்துக்கொண்டு எந்த ஆல்டர்னேட்டரையும் சோதிக்க முடியாது.

நான்கு அளவுகள்

இனிச் சொல்வதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. இன்ஜினை ஏறத்தாழ 2,000 ஆர்பிஎம்மில் வைத்து, ஹெட்லைட், பிளோயர், வைப்பர் எல்லாவற்றையும் ஓட விட்டு நான்கு இடங்களில் அளக்க வேண்டும்.

1. பேட்டரியின் இரண்டு கம்பங்களுக்கு நடுவில்.
2. ஆல்டர்னேட்டரில் தடித்த வயர் மாட்டியிருக்கும் பி பிளஸ் போல்ட்டுக்கும் அதே ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் நடுவில்.
3. ஆல்டர்னேட்டர் பி பிளஸ்ஸுக்கும் பேட்டரி பிளஸ் கம்பத்துக்கும் நடுவில்.
4. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸ் கம்பத்துக்கும் நடுவில்.

மூன்றாவது அளவு 0.3-ஐத் தாண்டக் கூடாது, நான்காவது 0.2-ஐத் தாண்டக் கூடாது. இரண்டாவது அளவிலிருந்து மூன்றாவதையும் நான்காவதையும் கழித்தால் முதல் அளவு வர வேண்டும். கணக்கு இடித்தால் எங்கோ தவறாக முள்ளை வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதற்கு ஒரு வண்டியைச் சொல்கிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் டீசல் சரக்கு வேன். வேறு இடத்தில் ரீகண்டிஷன் ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தார்கள். “ராத்திரில லோடு ஏத்திட்டு வர்றப்ப ஹெட்லைட் மங்குதுண்ணே, எதிர்ல வர்ற வண்டி வெளிச்சத்துலதான் ரோட்டைப் பாத்து ஓட்டுறேன்” என்றார் ஓட்டுநர். மங்கிய விளக்கோடு இரவில் லோடு ஓட்டுவது உயிரோடு விளையாடுகிற காரியம். அதனால் வேறு வேலைகளை நிறுத்திவிட்டு உடனே பார்த்தேன்.

பேட்டரியில் 13.1. இதை மட்டும் பார்த்தால் ஆல்டர்னேட்டர் சரியில்லை என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் ஆல்டர்னேட்டரின் பி பிளஸ்ஸுக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் 14.2 இருந்தது. அப்படியானால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது; 1.1 வோல்ட் வழியில் தொலைகிறது. பிளஸ் பக்கம் அளந்தேன், 0.2. அது பரவாயில்லை. மைனஸ் பக்கம் அளந்தேன், 0.9. குறை எர்த்தில்.

பிராக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், ரீகண்டிஷன் செய்தவர்கள் பார்வைக்குப் புதிதாக இருக்கட்டும் என்று ஆல்டர்னேட்டர் உடம்பு முழுவதும் வெள்ளி பெயின்ட் அடித்திருந்தார்கள். போல்ட் உட்கார வேண்டிய காதுகளிலும் பெயின்ட். கீழே இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் எர்த் பட்டை பச்சை பூத்து, தொட்டால் இழை இழையாக உதிர்ந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டர் கேபிளின் மேலுறையைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. எர்த் பட்டை வழியாகப் போக வேண்டிய கரண்ட்டில் ஒரு பங்கு அந்தக் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

காதுகளில் இருந்த பெயின்ட்டைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்டினோம். எர்த் பட்டையைப் புதிதாகப் போட்டு, சேஸிஸில் அது உட்காரும் இடத்தையும் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினோம். மறுபடி அளந்தபோது பிளஸ் பக்கம் 0.15, மைனஸ் பக்கம் 0.05, பேட்டரியில் 14.0. அதே ஆல்டர்னேட்டர்தான். செலவு ஒரு எர்த் பட்டையும் கொஞ்சம் உப்புத்தாளும்.

ஓம் அளந்து ஏமாறாதீர்கள்

“வயரை கன்டினியூட்டி பாத்தேண்ணே, பீப் சத்தம் வருது, நல்லாத்தான் இருக்கு” என்று தம்பிகள் சொல்வார்கள். தடித்த வயரில் முப்பது நாற்பது இழை இருக்கும். அதில் ஒரே ஒரு இழை மட்டும் மிச்சம் இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். 60 ஆம்பியர் போகும்போது அந்த ஒரு இழை தாங்காது.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01 ஓம், சாதாரண மல்டிமீட்டரில் ஒழுங்காகத் தெரியவே தெரியாது. ஆனால் 60 ஆம்பியர் அதன் வழியாகப் போனால் 0.6 வோல்ட் காலி. கூடவே அந்த இடத்தில் 36 வாட் சூடாக எரிந்துகொண்டிருக்கும். அதனால் கரண்ட் ஓடும்போது வோல்ட்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பதுதான் நம்பக்கூடிய சோதனை.

பிளஸ் பக்கம் குறைவு இருந்தால் பி பிளஸ் லக், ஃபியூஸ் பெட்டிக்குள் போல்ட் வைத்து இறுக்கியிருக்கும் பெரிய ஃபியூஸ் லிங்க், பேட்டரி கிளாம்ப் இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். மீட்டரின் ஒரு முள் பேட்டரி பிளஸ்ஸிலேயே இருக்கட்டும். மற்றொரு முள்ளை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனால் எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் தாவுகிறதோ அங்கேதான் குறை. ஃபியூஸ் லிங்க் போல்ட்டைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால் அளக்காமலே சொல்லிவிடலாம், அங்கே தளர்வு இருக்கிறது.

அதிக ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு மாறியவர்கள் வயரையும் மாற்ற வேண்டும். 45 ஆம்பியருக்காகப் போட்ட பழைய வயரில் 90 ஆம்பியரைத் தள்ளினால் வோல்ட்டேஜ் வழியிலேயே விழும், வயரும் உருகும். அந்த அளவுக்கு 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத தாமிர வயரும், நன்றாக அழுத்திப் பிடித்த லக்கும், அதற்கேற்ற ஃபியூஸும் வேண்டும்.

பின்னால் இருக்கும் சின்ன வயர்கள்

இரண்டாவது அளவே குறைவு, அதாவது ஆல்டர்னேட்டரின் வாயிலேயே 13-ஐத் தாண்டவில்லை என்றால், உடனே அதைக் கழற்றுவதற்கு முன் பின்பக்க சாக்கெட்டைப் பாருங்கள்.

பல வண்டிகளில் அங்கே ஐஜி, எல், எஸ் என்று மூன்று வயர் வரும். ஐஜி என்பது சாவி போட்டதும் ரெகுலேட்டருக்கு வரும் சப்ளை. அது வராவிட்டால் ரெகுலேட்டர் வேலையைத் தொடங்காது. எல் என்பது மீட்டர் போர்டில் இருக்கும் சார்ஜ் லைட்டுக்குப் போவது. பழைய வகை ஆல்டர்னேட்டர்களில் இந்த லைட் வெறும் எச்சரிக்கை விளக்கு இல்லை. அதன் வழியாக வரும் சிறு கரண்ட்தான் ரோட்டருக்கு முதல் காந்த சக்தியைக் கொடுக்கிறது. பல்ப் ஃபியூஸ் போயிருந்தாலோ, 2 வாட், 3 வாட் பல்புக்குப் பதில் யாராவது அழகுக்காக எல்இடி போட்டிருந்தாலோ அந்தச் சிறு கரண்ட் போதாது. ஐடிலில் சார்ஜ் ஏறாமல் இருந்து, ஒரு தடவை நன்றாக ரேஸ் கொடுத்ததும் ஏறத் தொடங்கினால் இந்தக் காரணத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். சாவி போட்டு, இன்ஜின் ஓடாதபோது சார்ஜ் லைட் பளிச்சென்று எரிகிறதா என்று பார்ப்பது இலவசச் சோதனை. எல்இடி போட்டே ஆக வேண்டுமென்றால் அதற்குப் பக்கவாட்டில் தகுந்த ரெசிஸ்டர் போட வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது அதே லைட் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால், உள்ளே ரோட்டருக்கு ஊட்டம் கொடுக்கும் சின்ன டயோடுகளில் ஒன்று போயிருக்கலாம்.

எஸ் என்பது பேட்டரியில் உண்மையில் எவ்வளவு வோல்ட்டேஜ் இருக்கிறது என்று ரெகுலேட்டருக்குச் சொல்லும் வயர். இந்த வயரோடு இருந்த ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு, எஸ் இல்லாத ஒன்றைப் போட்டால் ரெகுலேட்டர் தன் வாயில் இருக்கும் வோல்ட்டேஜை மட்டும் பார்த்துக்கொண்டு திருப்தி அடைந்துவிடும். முன்பு வழியில் விழுந்த அரை வோல்ட்டை எஸ் வயர் ஈடு செய்துகொண்டிருந்தது. இப்போது அந்த அரை வோல்ட் குறைவு பேட்டரியில் அப்படியே தெரியும். “பழைய டைனமோ நல்லாத்தான் ஏத்துச்சு, புதுசுதான் சரியில்லை” என்று சொல்ல வைக்கிற காரணங்களில் இது முக்கியமானது. குறை பழைய வயரில் இருக்கிறது, பழி புது ஆல்டர்னேட்டர் மேல் விழுகிறது.

பெல்ட்டும் புல்லியும்

ஐடிலில் குறைவு, ரேஸ் கொடுத்தால் சரி என்றால் சுற்று வேகத்தைப் பாருங்கள். கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டர், ஆல்டர்னேட்டர் புல்லி 60 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் 800 சுற்றினால் ஆல்டர்னேட்டர் 2,000 சுற்றும். மாற்றிப் போட்டதில் 75 மில்லிமீட்டர் புல்லி வந்துவிட்டால் அதே ஐடிலில் 1,600 தான். ஆல்டர்னேட்டர் ஆம்பியரைக் கொடுக்கத் தொடங்கும் வேகத்துக்குப் பக்கத்திலேயே இது இருப்பதால், ஹெட்லைட்டும் ஏசியும் போட்டதும் வோல்ட்டேஜ் படுத்துவிடும். சிக்னலில் நின்று நின்று ஓடும் டவுன் வண்டிக்கு இது பெரிய பாதிப்பு. பழைய ஆல்டர்னேட்டரைக் கடையில் கொடுப்பதற்கு முன் இரண்டு புல்லியையும் பக்கத்தில் வைத்து அளந்துவிடுங்கள்.

லோடு போட்டதும் பெல்ட் கிறீச்சிட்டால் அது வழுக்குகிறது. சத்தமே இல்லாமல் வழுக்குகிற பெல்ட்டும் உண்டு. அதன் உட்புறம் கண்ணாடிபோல் மின்னும், ஓட்டி நிறுத்தியதும் புல்லி கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்துச் சுற்றும் ஓவர்ரன்னிங் புல்லி உள்ள வண்டியில், அந்தப் புல்லி தேய்ந்து இரண்டு பக்கமும் வழுக்கினால் பெல்ட் சரியாக இருந்தும் ஆல்டர்னேட்டர் போதுமான அளவு சுற்றாது.

கம்ப்யூட்டர் குறைக்கச் சொன்னால்?

புது வண்டிகள் பெருகியபின் பழைய அறிவை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காக, பேட்டரி நிறைந்திருக்கும்போது ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜை வேண்டுமென்றே குறைக்கும் ஏற்பாடு இன்று பல கார்களில் இருக்கிறது. ஹோண்டா கார்களில் இது வெகு காலமாகவே உண்டு. ஃபியூஸ் பெட்டிக்குள் ஒரு லோடு டிடெக்டர் எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்று பார்த்து, வண்டியின் கம்ப்யூட்டரான இசியு-வுக்குச் சொல்லும். இசியு சி என்ற வயர் வழியாக ஆல்டர்னேட்டரை 12.4 முதல் 12.9 வரையிலான கீழ் நிலையிலோ, 14.4 முதல் 14.9 வரையிலான மேல் நிலையிலோ வைக்கும்.

இந்த மாதிரி ஏற்பாடு உள்ள ஒரு குடும்ப கார் என்னிடம் வந்தது. இரண்டு மூன்று நாள் நின்றால் ஸ்டார்ட் ஆகவில்லை. ஐடிலில் 12.7 காட்டுகிறது என்று ஓரிடத்தில் ஆல்டர்னேட்டரை மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய பிறகும் அதே 12.7. வண்டிக்காரர் முன்னாலேயே ஹெட்லைட்டையும் பிளோயரையும் போட்டேன், 14.4-க்கு ஏறியது. அணைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தோம், மெல்ல இறங்கி 12.7-க்கு வந்தது. ஆல்டர்னேட்டர் சொன்ன பேச்சைக் கேட்டு நடந்துகொண்டிருந்தது. முன்பு இருந்ததும் அப்படித்தான் நடந்திருக்கும். வண்டியை அணைத்துப் பூட்டியபின் பேட்டரி வயரில் 0.3 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. 0.05-க்குள் இருக்க வேண்டிய இடம் அது. முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவுக்குப் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்திருந்தார்கள். மூன்று நாளில் 20 ஆம்பியர் ஹவருக்கு மேல் அது குடித்துவிடும். அந்த வயரைச் சாவியோடு சேர்ந்து அணையும் ஃபியூஸுக்கு மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது.

இன்னும் புதிய வண்டிகளில் லின் என்ற ஒற்றை வயர்த் தொடர்பு வழியாக இசியு ரெகுலேட்டரோடு பேசும். வெளியிலிருந்து பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும் ஆல்டர்னேட்டரில் வேறு ரெகுலேட்டர் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது. அப்போது அது தனக்குள் பதிந்திருக்கும் ஒரே வோல்ட்டேஜில் நின்றுவிடும், சார்ஜ் லைட்டும் எரியலாம். அதனால் இந்த வண்டிகளுக்கு ஆம்பியரும் போல்ட் துளையும் பொருந்தினால் போதாது, பார்ட் நம்பர் பொருந்த வேண்டும். ஸ்கேனர் போட்டு இசியு கேட்கும் வோல்ட்டேஜ் எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு என்று ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த வண்டிகளில் பேட்டரி மைனஸ் கிளாம்ப்பில் ஒரு கரண்ட் சென்சார் இருக்கும். கூடுதல் எர்த் வயரையோ வேறு எதையுமோ நேராக மைனஸ் கம்பத்தில் மாட்டினால் அதில் போகும் கரண்ட் சென்சாரின் கணக்கில் வராது. கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போட்டு சார்ஜைக் குறைக்கும். கூடுதல் இணைப்பு எதுவாக இருந்தாலும் சேஸிஸ் பக்கம் கொடுங்கள்.

ஆல்டர்னேட்டரே குறையாக இருந்தால்

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்து, நல்ல பேட்டரி வைத்தும் வாயிலேயே வோல்ட்டேஜும் ஆம்பியரும் குறைவு என்றால் அப்போது தாராளமாகக் கழற்றலாம். புதிது என்பதாலேயே நல்லது என்று நம்பிவிட வேண்டியதில்லை. ரீகண்டிஷன் சரக்கில் நான் தேடுவது இவை.

டயோடு: இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியில் அளந்தால் 0.1-க்குள் இருக்க வேண்டும். 0.5-ஐத் தாண்டினால் டயோடு போயிருக்கிறது. மூன்று ஃபேஸில் ஒன்று படுத்தாலும் ஆம்பியர் வெகுவாகக் குறையும். ரேடியோவில் இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் இரைச்சலும் கேட்கும். சில மலிவு மீட்டர்கள் டிசியையே ஏசி என்று எடுத்துக்கொண்டு 28, 30 என்று காட்டும். அந்த மீட்டர் இந்தச் சோதனைக்கு ஆகாது.

ரோட்டர்: 12 வோல்ட் ரோட்டரின் இரண்டு ஸ்லிப் ரிங்குக்கும் நடுவில் பெரும்பாலும் 2 முதல் 4 ஓம் இருக்கும். மெல்லிய கம்பியில் மறுசுற்று சுற்றி 5, 6 ஓம் வந்தால் காந்த சக்தி குறையும். 14 வோல்ட்டை 3-ஆல் வகுத்தால் 4.7 ஆம்பியர், 5-ஆல் வகுத்தால் 2.8 தான்.

ஸ்டேட்டர்: ஸ்டார் முறையில் கட்ட வேண்டியதை டெல்டாவாகக் கட்டிவிட்டால் அதே வேகத்தில் கிடைக்கும் வோல்ட்டேஜ் 1.73 மடங்கு குறையும். ஐடிலில் சார்ஜே இருக்காது, ரேஸில் நன்றாக இருக்கும். புல்லி சரியாக இருந்தும் இப்படி நடந்தால் மறுசுற்றைச் சந்தேகப்படுங்கள்.

கார்பன் பிரஷ்: டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். அதன் ஆயில் சீல் போனால் ஆயில் உள்ளே இறங்கி ஸ்லிப் ரிங்கில் படியும். பிரஷ் ஒழுங்காகத் தொடாமல் சார்ஜ் ஏறி இறங்கும். சீலை மாற்றாமல் ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றினால் புதிதும் அதே கதிக்கு ஆளாகும். வேக்கம் பம்ப் பிரேக் சம்பந்தப்பட்டது என்பதால் இதில் அலட்சியம் கூடவே கூடாது.

இதை மட்டும் செய்யாதீர்கள்

இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் டைனமோ காலத்திலிருந்து இன்னும் போகவில்லை. அதைக் கட்டாயம் விட்டுவிடுங்கள். ஆல்டர்னேட்டர் அதிக ஆம்பியர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பேட்டரி திடீரென்று விலகினால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு வோல்ட்டேஜ் 100-ஐ நெருங்கும் அளவுக்குக்கூட எகிறலாம். ரெகுலேட்டர், டயோடு, இசியு, மீட்டர் போர்டு எதுவும் தாங்காது. வண்டி நிற்காமல் ஓடினாலும் அதிலிருந்து எதுவும் தெரிந்துவிடாது, 12.5 வோல்ட் இருந்தாலும் இன்ஜின் ஓடத்தான் செய்யும். பி பிளஸ்ஸை உடம்போடு உரசித் தீப்பொறி பார்ப்பதும், ரெகுலேட்டரைத் தாண்டி ஃபீல்டுக்கு நேர் சப்ளை கொடுத்து ஓட விடுவதும் இதே வகைதான்.

வண்டிக்காரர்களுக்கு

உங்கள் பணம், உங்கள் பிழைப்பு. ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பேட்டரியில் எவ்வளவு? ஆல்டர்னேட்டர் வாயில் எவ்வளவு? எர்த் பக்கம் எவ்வளவு விழுகிறது? பதில் எண்ணாக வந்தால் அந்த மெக்கானிக்கை நம்பலாம். “மாத்திப் பாத்தாத்தான் தெரியும்” என்று வந்தால் கொஞ்சம் பொறுத்து, வேறு ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால் பழையதன் ஆம்பியர், புல்லி அளவு, சாக்கெட்டில் எத்தனை வயர், பார்ட் நம்பர் ஆகியவற்றைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மாட்டி முடித்ததும் ஐடிலில் எவ்வளவு, 2,000 ஆர்பிஎம்மில் லோடோடு எவ்வளவு என்று அளந்து பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நாளைக்கு ஏதாவது குறை வந்தால் எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பதை அந்த எண்களே சொல்லும்.

பட்டறைத் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அளப்பதற்கு ஆகும் நேரம் வீண் நேரம் இல்லை. அதற்குக் கூலி கேட்பதிலும் தவறில்லை. நல்ல பொருளைக் கழற்றிப் போட்டு இன்னொன்றை விற்பதைவிட, குறையைச் சரியாகக் கண்டுபிடித்ததற்காக வாங்கும் கூலிதான் நம் தொழிலுக்கு மரியாதை. அப்படிச் செய்கிற பட்டறையைத் தேடித்தான் வண்டிகள் வரும்.